பெட்டி மேடமும் ஒரு வாலும்

என் அக்காவின் பிழைப்பு நிலநடுக்கம். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் அடுத்தது எப்போது என்று கேட்பார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எந்த இடத்தில் நிலம் எப்படி ஆடும் என்றுதான் கணக்குப் போடுகிறேன் என்று அவளும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டாள். இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது கேட்டால் கணக்கு டீச்சர் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நான் அவளுடைய தங்கை. லாண்டரி வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அம்மா. அக்காவும் அத்தானும் மேட்டில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அத்தான் பல் டாக்டர். அடுத்தவர் வாயில் கையை வைத்துக்கொண்டே பேசிப் பழகியவர் என்பதால் யாரிடமும் பதிலை எதிர்பார்க்க மாட்டார். எந்நேரமும் எதையாவது யோசித்துக்கொண்டிருக்கிற அக்காவுக்கு அது ரொம்பச் சௌகரியம்.

சின்ன வயதில் அவளைப் பார்த்தவர்கள் யாரும் இவள் விஞ்ஞானி ஆவாள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கை அப்படி. காலேஜில் பிசிக்ஸ் படித்தபோது லேபில் அவள் தொட்டது உடையும், தொடாதது தானாக அணையும். அவள் உள்ளே நுழைவதைக் கண்டாலே லேப் உதவியாளர் கண்ணாடிச் சாமான்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாராம். கடைசி வருஷத்தில் ஒரு ஆசிரியர் பொறுமை இழந்து, எதையும் கையால் தொடாமல் செய்கிற விஞ்ஞானம் ஏதாவது இருந்தால் அதற்குப் போ என்று சொன்னார். அவர் சொன்னது திட்டு. இவள் அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள். பூமியைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதை ஆட்டிப் பார்க்கிற படிப்பு ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, கடல் தாண்டிப் போய் டாக்டர் பட்டத்தோடு திரும்பி வந்தாள்.

திரும்பி வந்தவளைப் பல்கலைக்கழகம் ஒன்றும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. ஒப்பந்த விரிவுரையாளர் என்று ஒரு வேலை கொடுத்தார்கள். வருஷம் முடிந்தால் வேலையும் முடியும். அப்புறம் மனம் வைத்துப் புதுப்பிப்பார்கள். கல்யாணம் ஆன பிறகும், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அதே கதைதான். என் கடைத் துணி மாதிரி உன்னைப் பிழிந்து உலர்த்தி மறுபடியும் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நான் திட்டுவேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவளுக்குக் கொடுத்திருந்த அறை பாதி தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே நடப்பவர்களின் செருப்பு மட்டும் தெரியும். செருப்பைப் பார்த்தே யார் தன்னைத் தேடி வருகிறார், யார் தன்னைத் தவிர்த்துப் போகிறார் என்று சொல்லிவிடுவாள். அந்த அறையில் உட்கார்ந்துதான் தன் கம்ப்யூட்டர் நிரலை எழுதினாள்.

அந்த நிரலைப் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தப்பிருந்தால் அவள் வந்து திருத்தட்டும். பூமி முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் அடைக்க முடியாது. அதனால் ஊரும், ஊருக்கு அடியில் இருக்கிற மண்ணும் பாறையும் அடங்குகிற மாதிரி ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பெட்டியைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, இந்தக் கட்டத்தில் மண், அந்தக் கட்டத்தில் பாறை என்று எழுதிவிட்டு, ஒரு மூலையில் தட்டுவார்கள். அலை கட்டம் கட்டமாக நகரும். வம்பு ஓரத்தில்தான். நிஜமான பூமியில் அலை போய்க்கொண்டே இருக்கும். பெட்டியிலோ ஓரத்தில் முட்டித் திரும்பிவிடும். வாளித் தண்ணீரைத் தட்டினால் அலை சுவரில் மோதித் திரும்புகிறதே, அப்படி. அது பொய் அலை. அதை விழுங்குவதற்காக ஓரமெல்லாம் ஒரு தடுப்புக் கட்டுவார்கள். அக்கா அதைப் பஞ்சு என்பாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதாக எந்த அலையைப் பார்த்தாலும் முதல் சந்தேகம் பஞ்சின் மேல்தான்.

இதை அவள் வகுப்பில் நடத்துகிற விதம் பிரசித்தம். பிள்ளைகளை ஒரே வரிசையாக நிற்க வைப்பாள். ஒவ்வொருவர் கையும் பக்கத்தில் நிற்பவரின் தோளில் இருக்கும். பக்கத்து ஆள் சாய்ந்தால் நீயும் சாய வேண்டும், அது ஒன்றுதான் விதி. ஒரு முனையில் ஒருத்தியைத் தள்ளினால் அலை வரிசை முழுக்க ஓடி, கடைசியில் சுவரோரம் நிற்பவனிடம் போய் முட்டித் திரும்பி வரும். அப்புறம் அந்தக் கடைசி ஆளிடம், நீ திருப்பித் தள்ளாதே, வாங்கிக்கொண்டு நடையைக் கட்டு என்பாள். அவன் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் போய்க்கொண்டே இருப்பான். அலை திரும்பாது. ஒரு வருஷம் ஒருவன் இதுதான் சாக்கு என்று கேன்டீன் வரைக்கும் போய்விட்டான். அவளுக்குப் பெட்டி மேடம் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. மேட்டில் பாறை, அதன்மேல் பல்கலைக்கழகம். பள்ளத்தில் எந்தக் காலத்திலோ ஒரு ஏரி இருந்து தூர்ந்துபோய், அதன்மேல் தெருக்கள் வந்து, அந்தத் தெருக்களில் நாங்கள் வந்தோம். அக்கா ஊரைப் பெட்டிக்குள் வைத்து ஆட்டியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. மேட்டில் ஆட்டம் வந்து ஓய்ந்துவிடுகிறது. பள்ளத்தில் ஆட்டம் வந்து, ஓய்ந்து, அப்பாடா முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில், ஒரு நிமிஷம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், இன்னொன்று வருகிறது. முதலாவதைவிட மெதுவாக, ஆனால் அகலமாக. ஏரி மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட அலை இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாகப் போய்த் திரும்பி வருகிறதாம். அதற்கு அவள் வைத்த பெயர் வால்.

அந்த வால் பொய்யாக இருந்தால் தேவலை என்றுதான் எனக்கு இருந்தது. பள்ளத்தில் இருப்பது என் வீடு, என் கடை. அவள் ஜெயித்தால் என் தெரு தோற்கும். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர், உன் அக்கா நம்ம ஏரியா பேரைக் கெடுக்காமல் இருக்க மாட்டாளா என்று என்னிடமே கேட்டார். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். அதையே அக்காவிடம் போய்க் கேட்டும் சண்டை போட்டேன்.

இது போதாதென்று நில ஆட்டத்தைக் கோடாகப் பதிவு செய்கிற ஒரு கருவியைக் கொண்டுவந்து என் கடை மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். பானை அளவுக்கு ஒரு உலோக டப்பா, அதற்குத் தனியாக ஒரு பேட்டரி. பள்ளத்தின் நட்டநடுவில் வைத்தால்தான் வால் பிடிபடும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறாள், வங்கியில் கேட்டிருக்கிறாள், ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. அப்புறம் தங்கை என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? அன்று பிடித்தது எனக்குச் சனி. கனமான கம்பளிகளைப் போட்டு மெஷினை ஓட்டினால் மேட்டிலிருந்து போன் வரும், கருவி அனுப்புகிற கோடு கன்னாபின்னாவென்று போகிறது, என்ன ஓட்டுகிறாய் என்று. கம்பளிதான் ஓட்டுகிறேன், கப்பல் இல்லை என்பேன். நிலம் ஆடும்போது மட்டுமாவது மெஷினை நிறுத்து என்பாள். நிலம் ஆடினால் நான் உயிரைப் பார்ப்பேனா மெஷினைப் பார்ப்பேனா என்பேன்.

"மெயின் ஸ்விட்ச் வாசல்கிட்டதானே இருக்கு? ஓடற ஓட்டத்துல ஒரு தட்டு தட்டிட்டு ஓடேன்டி" என்பாள்.

எங்கள் ஊரில் பாத்திரம் கிணுகிணுக்கிற அளவுக்கு அவ்வப்போது நிலம் ஆடும். அப்போதெல்லாம் என் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் வால் வந்ததா இல்லையா என்று தெரியாமலே போயிற்று. திட்டு மட்டும் தவறாமல் எனக்கு வந்தது.

ஒரு வழியாக அவள் துறையில் நிரந்தரமான பேராசிரியர் இடம் ஒன்று விழுந்தது. கூடவே ஒரு குண்டும் விழுந்தது. ஒப்பந்த வேலைகள் இனிமேல் கிடையாது. இந்த இடம் இவளுக்குக் கிடைக்காவிட்டால் இவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இவள் நடத்துகிற பாடத்தையும் மூடிவிடுவார்கள். அவள் கையில் இருந்த பெரிய சரக்கு அந்த வால்தான். வால் நிலைத்தால் வேலை நிலைக்கும்.

தேர்வுக் குழுவில் முக்கியமானவர் ஒரு மூத்த பேராசிரியர். எதைச் சொன்னாலும் 'ஆனா' என்றுதான் வாயைத் திறப்பார். அதனால் மாணவர்கள் அவருக்கு ஆனால் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்டவர் இல்லை. நல்ல நாள் என்று யாராவது சொன்னால்கூட மேகத்தைத் தேடிப் பார்க்கிற சுபாவம், அவ்வளவுதான். அக்கா வாலைக் காட்டியதும் அவர், ஆனால் இது பஞ்சிலிருந்து கசிந்து திரும்பிய பொய் அலையாக இருந்தால் என்று கேட்டார். கேள்வி நியாயமானது என்று அக்காவே ஒத்துக்கொண்டாள். அதற்குச் சோதனையும் தொழிலிலேயே இருக்கிறது: பெட்டியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஓரம் தூரமாகிவிட்டால் ஓரத்தில் முட்டி வருகிற பொய் அலை பிந்தி வரும், அல்லது வராமலே போகும். நிஜ வால் அதே நேரத்துக்கு வரும். அடுத்த கூட்டத்துக்குள் செய்து காட்டுகிறேன் என்று வந்தாள்.

பெரிய பெட்டி என்றால் பெரிய கணக்கு. துறையில் அத்தனை சக்தியுள்ள கம்ப்யூட்டர் இல்லை. விடுமுறையில் மாணவர்களின் கம்ப்யூட்டர் லேப் காலியாகக் கிடந்தது. அனுமதி வாங்கி, அங்கிருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களையும் கோத்து, பெட்டியை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். வகுப்பில் பிள்ளைகள் தோளில் கை போட்டு நிற்பதைப் போலத்தான், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டுக் கேட்டு நகரும். நாள் கணக்கில் ஓடியது. கடைசியில் முடிவு வந்தது.

வால் இல்லை. நகரவில்லை, குறையவில்லை, அடியோடு இல்லை. முதல் ஆட்டம் வந்து ஓய்ந்த பிறகு என் கடை இருக்கிற கட்டத்தில் கோடு படுத்தது படுத்ததுதான்.

அன்று மதியமே குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டாள், தான் சொன்ன வால் பெரிய பெட்டியில் காணவில்லை என்று. அனுப்பிவிட்டு என் கடைக்கு வந்து, அம்மா துணி மடிக்கிற மேஜையில் உட்கார்ந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்கு வந்தது கோபம்.

"கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்குல்ல? அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன, நாக்கு அழுகிடுமா?"

"நான் சொன்னதை நம்பி ஒருத்தன் வீட்டைக் கட்டுவான், இல்ல கட்டாம விடுவான்" என்றாள். "அது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சப்புறம் அவனுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுடி."

அம்மா தலையணை உறையை மடித்துக்கொண்டே, இவள் சின்ன வயதிலேயே டம்ளரை உடைத்தால் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாள், நீதான் சோபாவுக்கு அடியில் தள்ளிவிடுவாய் என்று என் மானத்தை வாங்கினாள். வால் பொய் என்றால் என் வீடு பத்திரம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட முடியவில்லை. அத்தனை வருஷம் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இப்படியா முடிய வேண்டும் என்றுதான் இருந்தது.

வேலை போகிற நிலையில் இருந்தாலும் பரீட்சை மேற்பார்வை போகாது. அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை ஹாலில் டியூட்டி. அங்கே ஒரு முறை உண்டு. பதிவெண்கள் முன்னிருந்து பின்னாக, பத்தி பத்தியாகப் போகும். விடைத்தாள்களையும் அப்படியே பத்தி பத்தியாக வாங்கி, ஒரு பத்திக்கு ஒரு கட்டு என்று கட்ட வேண்டும். அக்காவோ ஏதோ நினைப்பில் குறுக்கே, இடமிருந்து வலமாக நடந்து வாங்கிக் கட்டிவிட்டாள். சாதாரணமாக இந்தத் தப்பு உடனே மாட்டிக்கொள்ளும். ஹால் நீளமாக இருப்பதால் கட்டில் தாள்களின் எண்ணிக்கை உதைக்கும். அன்று அவளுக்குக் கிடைத்தது சதுரமான ஹால். குறுக்கே எத்தனை மேஜையோ நெடுக்கேயும் அத்தனை மேஜை. ஒவ்வொரு கட்டிலும் எண்ணிக்கை கச்சிதமாக இருந்தது. ஆட்கள்தான் மாறியிருந்தார்கள்.

பரீட்சைப் பிரிவில் இருந்த அம்மாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பேராசிரியர் ஆகப் போகிறவர்கள் செய்கிற வேலையா இது என்று ஆரம்பித்து, கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறாள். ஹால் சதுரமாக இருந்ததால்தான் தெரியவில்லை என்று அந்த அம்மாள் சொன்னதும் அக்கா நிமிர்ந்தாளாம். அதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாளாம். அந்த அம்மாள் இன்னும் கோபமாகச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள். தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆனால் போன போக்கைப் பார்த்து, பாவம், வேலை போகிற கவலையில் இப்படி ஆகிவிட்டது என்று அந்த அம்மாளே வருத்தப்பட்டாராம்.

நடந்தது இதுதான். அவளுடைய பழைய பெட்டி நீளமானது. மண் எங்கே, பாறை எங்கே என்று எழுதிய கட்டங்களை அந்த நிரல் நெடுக்காகப் படிக்க வேண்டும். குறுக்கே படித்தால் எண்ணிக்கை உதைத்து நிரல் நின்றுவிடும். பெரிய பெட்டி செய்யும்போது எல்லாப் பக்கமும் தாராளமாக இருக்கட்டும் என்று சதுரமாக வெட்டியிருந்தாள். அதைப் படிப்பதற்குப் புதிதாக எழுதிய நாலு வரி நெடுக்கைக் குறுக்காகப் படித்துவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. கிழக்கு வடக்காகி, வடக்கு கிழக்காகி, ஊர் புரண்டு படுத்துவிட்டது. என் லாண்டரி போய்ப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. பாறையில் ஏது வால்? படம் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று நான் கேட்டேன். போட்டாளாம். படம் போடுகிற நிரலும் அதே கையால் எழுதியதுதானே. அதுவும் அதே தப்பைச் செய்ய, தப்பும் தப்பும் சேர்ந்து படம் அழகாக வந்திருக்கிறது.

வரிகளைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். முடிவு வந்த அன்று எனக்குப் போன் செய்தாள்.

"வால் இருக்குடி. அதே இடத்துல. இம்மிகூட நகரல."

என் வீடு ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று அவள் சொன்ன செய்தி அது. நான் கடையில் நின்றுகொண்டு கைதட்டினேன்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னாள், பரீட்சை ஹால் உட்பட. சிலர் சிரித்தார்கள். ஆனால் சார் சிரிக்கவில்லை. முதலில் வால் இருக்கிறது என்றீர்கள், அப்புறம் இல்லை என்றீர்கள், இப்போது மறுபடி இருக்கிறது என்கிறீர்கள், கம்ப்யூட்டருக்குள் வந்து வந்து போகிற வாலை எப்படி நம்புவது என்றார். கருவி வைத்திருக்கிறேன், நிலமே சொல்லும் என்றாள் அக்கா. ஆனால் உங்கள் கருவி லாண்டரியில் அல்லவா இருக்கிறது என்றார் அவர். பெரிய மெஷின் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் தள்ளாட்டமும் வால் மாதிரிதான் தெரியும் என்றார். கடைசியில், வருஷ முடிவு வரைக்கும் இடத்தை நிரப்பாமல் வைப்பது, அதற்குள் நிலம் ஏதாவது சொன்னால் பார்ப்பது என்று எழுதி வைத்தார்கள். நிலம் பேசாவிட்டால் அக்கா வீட்டுக்கு.

கருவியை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று மறுபடி அலைந்தாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. மாதங்கள் போயின. நிலநடுக்கம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது, வரக் கூடாது என்று நினைக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்து பேட்டரியைப் பார்த்துவிட்டு, என் மெஷின்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போவாள். நானும் பதிலுக்கு முறைப்பேன்.

அது ஒரு வேலை நாள், காலை நேரம். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், இன்னும் சிலர். அம்மா மேஜையில் மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் கண்ணாடிக் கதவு சடசடத்தது. அப்புறம் தரை ஒரு உதை உதைத்தது. இது பாத்திரம் கிணுகிணுக்கிற ரகம் இல்லை என்று உடம்பே சொன்னது. எல்லாரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். நான் ஒரு கையால் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடுகிற ஓட்டத்தில் இன்னொரு கை தானாக நீண்டு மெயின் ஸ்விட்சைத் தட்டியது. யோசித்துச் செய்ததில்லை. அத்தனை வருஷம் வாங்கிய திட்டு கையில் ஊறியிருந்தது.

எதிரில் இருக்கும் திறந்த பார்க்கிங்கில் போய் நின்றோம். ஆட்டம் ஓய்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து, பயம் போன பிறகு வருகிற அசட்டுச் சிரிப்பைச் சிரித்தோம். பஸ் டிரைவர் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, கம்பளியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்று கடையைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் நர்ஸும் நகர்ந்தார். நான் ஓடிப்போய் டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"போகாதீங்க. இன்னொண்ணு வரும்."

"அதான் நின்னுடுச்சே. யாரு சொன்னா வரும்னு?"

"எங்க அக்கா சொன்னா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை. கம்பளி பிழிகிற கை என்னுடையது. செருப்புக் கடைக்காரரும் தன் கடைக்குள் போகக் காலை எடுத்து வைத்தார். அவரையும் ஒரு அதட்டல் போட்டேன். தெருவே என்னைப் பைத்தியம் போலப் பார்த்தது. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அப்போது வந்தது. உதை இல்லை, சடசடப்பு இல்லை. படகில் நிற்பது போல நிலம் மெல்ல ஒரு பக்கம் போய், மெல்ல மறுபக்கம் வந்தது. மறுபடியும் போனது. விளக்குக் கம்பங்கள் தலையாட்டின. என் கடையின் மேலே இருந்த கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டு, முதல் ஆட்டத்தில் விரிசல் விட்டிருக்க வேண்டும், பெயர்ப்பலகையையும் இழுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து விழுந்தது. புழுதி அடங்கிய பிறகு பஸ் டிரைவர் அந்த வாசற்படியைப் பார்த்தார், தன் சட்டையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ நெஞ்சுக்குள்ளே ஒரே கொண்டாட்டம். அவள் சொன்னது வந்துவிட்டது, அவள் சொன்ன மாதிரியே வந்துவிட்டது என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு கத்தினேன். பூமி ஆடியதற்குக் குதித்தவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

ஊரில் உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. அக்கா மேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அம்மாவைத் தடவிப் பார்த்தாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்தபடியே காதில் கேட்டாள், மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா என்று. வேறொரு சமயமாக இருந்தால் கடித்திருப்பேன்.

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மெயினை அணைச்சுட்டுத்தான் ஓடினேன்."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நகராட்சி ஆட்கள் கட்டிடத்தைச் சோதித்து உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகுதான் கருவியை எடுத்தாள். மெயின் அணைந்ததோடு மேட்டுக்குக் கோடு போவது நின்று, பதிவு கருவிக்குள் மட்டும்தான் இருந்தது. குழு மறுபடி கூடியது. பதிவை ஆனால் சார் முன்னால் விரித்தாள். என் மெஷின்கள் ஓடுகிற நடுக்கம் முதலில். அப்புறம் பெரிய உதை. அந்த உதைக்கு நடுவிலேயே மெஷின் நடுக்கம் மெலிய ஆரம்பித்து, சுழற்சி ஓய்ந்து, கோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. அந்த அமைதிக்குப் பிறகு, அவள் கம்ப்யூட்டர் சொன்ன நேரத்தில், அவள் சொன்ன அகலத்தில், வால். மெஷின்கள் நின்ற பிறகு வந்த வாலை மெஷின் தலையில் கட்ட முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அறையில் எல்லாரும் அந்த 'ஆனா'வுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆமா" என்றார். அவ்வளவுதான். கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டவரும் அவர்தான்.

நகராட்சி அந்தப் பதிவை வைத்துப் பள்ளத்துக் கட்டிடங்களுக்கென்று தனியாக விதிகள் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் கைப்பிடிச் சுவர்களையெல்லாம் கம்பி கொடுத்துக் கட்டினார்கள், தூண்களைப் பலப்படுத்தினார்கள். ஏரியா பேர் கெடவில்லை. செருப்புக் கடைக்காரர் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெட்டி மேடம் எங்கள் தெருப் பெண் என்கிறார். அவள் எங்கள் தெருவில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை.

பேராசிரியராக அவள் எடுத்த முதல் வகுப்புக்கு என்னையும் அம்மாவையும் அழைத்துப் போனாள். தரைக்குக் கீழே இல்லை, மாடியில், ஜன்னலில் மரமும் வானமும் தெரிகிற அறை. அத்தான் கிளினிக்கை மூடிவிட்டு வந்திருந்தார். கதவோரத்தில், எப்போது வந்தார் என்று தெரியவில்லை, ஆனால் சார் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா திரையில் அந்தப் பதிவைப் போட்டாள்.

"இந்த நடுக்கம் ஒரு லாண்டரியில மெஷின் ஓடறது. இது முதல் ஆட்டம். அதோ அங்க இருக்கிறதுதான் நான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருந்த வால்" என்றாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவள் கோலை எடுத்து, மெஷின் நடுக்கம் மெலிகிற இடத்தில் வைத்தாள்.

"இதை மட்டும் நிலநடுக்கம் செய்யல. இந்த இடத்துல ஒருத்தி உயிருக்குப் பயந்து ஓடிக்கிட்டிருக்கா. ஒரு கையில எங்க அம்மா. இன்னொரு கையால மெயினை அணைக்கிறா, நான் சொன்னேங்கிற ஒரே காரணத்துக்காக." அவள் கோலை எடுக்காமல் கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். "எல்லாருக்கும் முன்னாடி என்னை நம்பினது என் தங்கச்சிதான். அவ நம்பின நேரம் இங்க பதிவாகியிருக்கு."

எல்லாத் தலைகளும் திரும்பி என்னைப் பார்த்தன. அம்மா தன் முந்தானையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.